‘சும்மா வீட்டில்தான் இருக்கிறாங்க’: கணக்கில் வராத உழைப்பு

“உங்கள் மனைவி என்ன செய்கிறார்?” என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் சொல்லும் பதில் “சும்மா வீட்டில்தான் இருக்கிறாங்க” என்பதுதான். பெண் கேட்டுப் போகும் இடத்தில், பள்ளிக்கூடத்தில், வங்கியில், பாஸ்போர்ட் அலுவலகத்தில் என எங்கே கேட்டாலும் இதே பதில். கேட்டவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நாளடைவில் அந்தப் பெண்ணும் தன்னைப் பற்றி அப்படியே சொல்லப் பழகிவிடுகிறார்.

இந்தச் ‘சும்மா’வுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் நமக்கே மலைப்பாக இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி இரவெல்லாம் விழித்திருப்பது, விடிந்ததும் பள்ளிக்குச் சாப்பாடு கட்டுவது, மதரஸாவுக்கு நேரம் தவறாமல் கிளப்புவது, தடுப்பூசித் தேதியை நினைவில் வைத்திருப்பது, பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாவதை முதலில் கண்டுகொள்வது, அடம்பிடிக்கும் பிள்ளையை அடிக்காமல் வழிக்குக் கொண்டு வருவது, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு மருந்து கொடுப்பது. இவற்றுள் எதை வெளியாள் வைத்துச் செய்தாலும் அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டுப் பெண் செய்தால் அதற்குப் பெயர் ‘சும்மா’.

தாயைப் புகழாத சமுதாயம் அல்ல நம்முடையது. தாயின் காலடியில் சுவர்க்கம் என்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘இல்லத்தரசி’ என்று பட்டமும் சூட்டியிருக்கிறோம். ஆனால் புகழ்வது வேறு, மதிப்பது வேறு. மதிப்பது என்றால், அவர் செய்வதை வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு ஓய்வு இருக்கிறதா, கையில் பணம் இருக்கிறதா, முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதா, முதுமைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பல வீடுகளில் அரசியின் கஜானா காலியாகத்தான் இருக்கிறது. இந்த நிலை எப்படி வந்தது, அதனால் யாருக்கெல்லாம் இழப்பு, நாம் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாட்டின் கணக்கிலேயே விடுபட்டது

ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருட்கள், சேவைகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பைத்தான் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) என்கிறோம். அதைக் கணக்கிடுவதற்கு ஐ.நா. வகுத்த விதிமுறைகளை உலக நாடுகள் பின்பற்றுகின்றன. அந்த விதிகளின்படி, சொந்தச் சாப்பாட்டுக்காகக் கொல்லையில் விளைவித்த கத்தரிக்காய் உற்பத்திக் கணக்கில் வரும். அதை அரிந்து குழம்பு வைத்த உழைப்பு வராது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாகக் கருதி அந்தத் தொகையையும் கணக்கில் சேர்ப்பார்கள். அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்த உழைப்பைச் சேர்க்க மாட்டார்கள். ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அது சேவை. பெற்றவள் பார்த்தால் அது கணக்குக்கு வெளியே.

இதில் உள்ள கோளாறு பொருளாதார அறிஞர்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் தம் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். வேலை அதேதான், செய்பவரும் அவரேதான். சம்பளம் நின்றதால் உழைப்பும் நின்றுவிட்டதாகக் கணக்கு காட்டுகிறது. நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மேரிலின் வேரிங் இது குறித்து 1988-இல் ஒரு நூலே எழுதி, இந்தக் கணக்குமுறை பெண்களின் உழைப்பை எப்படி மறைக்கிறது என்று விளக்கினார். ஆனாலும் அடிப்படை விதி இன்றுவரை மாறவில்லை.

நம் நாட்டில் இது இன்னும் வேதனையான வடிவம் எடுத்தது. சமைப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் சுமார் 36 கோடிப் பெண்கள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் வைக்கப்பட்டார்கள். அதே பட்டியலில் பிச்சைக்காரர்களும் பாலியல் தொழிலாளர்களும் கைதிகளும் இருந்தார்கள். இதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு தீர்ப்பில் எடுத்துக்காட்டிக் கண்டித்தது.

மணிக்கணக்கு சொல்லும் உண்மை

பணத்தில் அளக்காவிட்டாலும் நேரத்தில் அளக்க முடியும். மத்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இலும் 2024-இலும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வு இது. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்பவர்கள், அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 305 நிமிடங்கள் செலவிடுவதாக 2024 ஆய்வு கூறுகிறது. ஐந்து மணி நேரத்துக்கும் அதிகம்.

பிள்ளைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரைப் பராமரிப்பது இதற்குத் தனி. அதே வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் அந்தப் பணியில் ஈடுபட்டு, நாளொன்றுக்குச் சராசரியாக 140 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர் 74 நிமிடங்கள் செலவிட்டார்கள். வீட்டு வேலை, பராமரிப்பு இரண்டையும் செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சராசரிகளைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் வருகிறது. ஓர் அலுவலக ஊழியரின் முழு வேலைநாள் அது. வாரத்தில் ஏழு நாளும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் பெருநாளும் வந்தால் வேலை கூடுமே தவிர குறையாது.

இதிலும் முழு உழைப்பு அடங்கிவிடவில்லை. அடுப்படியில் நிற்கும்போதும் தாயின் காது தொட்டில் பக்கமே இருக்கும். துணி துவைக்கும்போதும் கிணற்றடிக்குப் போகும் பிள்ளை மீது ஒரு கண் இருக்கும். ‘சமைத்தேன்’, ‘துவைத்தேன்’ என்று பதிவாகும் நேரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் காவலை எந்தப் படிவத்திலும் எழுதிக் காட்டுவது கடினம். அரைத் தூக்கத்தில் கழியும் இரவுகளும் அப்படித்தான்.

உலக அளவிலும் இதே நிலைதான். ஊதியமில்லாப் பராமரிப்பு உழைப்பில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே சுமக்கிறார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உலகம் முழுவதும் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் இந்த உழைப்பில் செலவாகிறது. 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் கூலியின்றி வேலை பார்ப்பதற்கு இது சமம்.

அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ஐஸ்லாந்து நாடு ஒரே நாளில் தெரிந்துகொண்டது. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலகம், சமையல், பிள்ளை பராமரிப்பு என எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. தந்தைமார்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கே அழைத்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டே ஆண்-பெண் சமத்துவச் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது.

இறந்த பிறகு போடப்பட்ட விலை

நம் நாட்டில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புப் போடும் வேலையைப் பெரும்பாலும் நீதிமன்றங்களே செய்திருக்கின்றன. அதுவும் அந்தப் பெண் விபத்தில் இறந்த பிறகு, இழப்பீடு கணக்கிடுவதற்காக.

1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் நடந்த ஒரு விழாவில் தீப்பிடித்து 60 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும். அந்த வழக்கில் 2001-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இறந்த இல்லத்தரசிகளின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. அதற்கு முன் பரிந்துரைக்கப்பட்டிருந்தது மாதம் 1,000 ரூபாய்தான்.

2009-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், தாயை இழந்த ஒரு சிறுமியின் இழப்பீட்டு வழக்கில் இல்லத்தரசியின் உழைப்பை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மேற்கோளாக எடுத்துக்கொண்டது. மேலே சொன்ன 2010 தீர்ப்புதான் அது. அதில் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கொடுத்த 2.5 லட்சம் ரூபாயை உச்ச நீதிமன்றம் 6 லட்சமாக உயர்த்தியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இந்த உழைப்பை எதை வைத்து அளப்பது? ஒரு வழி, அந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கூட்டுவது. சமையலுக்கு ஒருவர், பிள்ளைக்கு ஆயா, பாடம் சொல்லித்தர ஆசிரியர் என்று போடலாம். ஆனால் பெற்றவளைப் போல் இரவு பகலாகப் பொறுப்பேற்க எந்த ஆளும் சந்தையில் கிடைக்க மாட்டார். இன்னொரு வழி, அவர் வெளியே வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தால், மருத்துவம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் தாய் ஊட்டும் சோற்றுக்கு ஒரு விலை, பள்ளிக்கூடம் போகாத தாய் ஊட்டும் சோற்றுக்கு வேறு விலை என்றாகிவிடும். அப்போதிருந்த மோட்டார் வாகனச் சட்ட அட்டவணை மூன்றாவதாக ஒரு வழி வைத்திருந்தது. சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கொள்ளச் சொன்னது. அதன்படி முதலாளியின் மனைவி உயர்ந்த மதிப்புடையவர், ஆட்டோ ஓட்டுநரின் மனைவி தாழ்ந்த மதிப்புடையவர் ஆகிவிடுகிறார். இருவரும் பிள்ளை வளர்த்த பாடு ஒன்றுதானே!

எந்த முறையிலும் குறை உண்டு. ஆனால் துல்லியமாக அளக்க முடியவில்லை என்பதற்காகப் பூஜ்யம் என்று எழுதுவது எல்லாவற்றையும்விடத் தவறான கணக்கு. 2021 ஜனவரியில் மற்றொரு விபத்து வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா இதைத்தான் வலியுறுத்தினார். வீட்டு வேலையே தங்கள் முதன்மைப் பணி என்று 2011 கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் 15.98 கோடி, ஆண்கள் வெறும் 57.9 லட்சம் என்பதை எடுத்துக்காட்டிய அவர், இல்லத்தரசிக்கு வருமானம் நிர்ணயிப்பது அவரது உழைப்புக்குச் சட்டம் தரும் அங்கீகாரம் என்று விளக்கினார்.

சபுராளி வீட்டுக் கதை

இதுவரை சொன்னவை இறந்தவர்களுக்கான தீர்ப்புகள். உயிரோடு இருக்கும் இல்லத்தரசிக்காக 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, நம் ஊர்களில் ஒவ்வொரு தெருவிலும் பேசப்பட வேண்டியது.

நெய்வேலியைச் சேர்ந்த ஒருவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். மனைவி ஊரில் இருந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். கணவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. பிறகு உறவு கசந்தது. “என் சம்பாத்தியம், எனக்கே சொந்தம்” என்று வழக்கு நீதிமன்றம் வந்தது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். விடுமுறையே இல்லாமல் இல்லத்தரசி செய்யும் வேலையை, நேரம் குறித்துப் பார்க்கும் உத்தியோகத்தோடு ஒப்பிட்டுக் குறைத்துவிட முடியாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

அது முஸ்லிம் குடும்பத்து வழக்கு அல்ல. ஆனால் கதை நம்முடையது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை என நம் கடற்கரை ஊர்கள் எதை எடுத்தாலும், பயணம் போன கணவர்களை நம்பியே அங்கே எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன. துபாயிலும் ரியாத்திலும் சபுராளி வியர்வை சிந்துவது உண்மை. அந்த வியர்வையை நாம் மறுக்கவில்லை. அதே நேரத்தில் ஊரில் அவர் மனைவி தாயாகவும் தகப்பனாகவும் இருக்கிறார். பள்ளிக் கட்டணம் கட்டுகிறார், வீடு கட்டும் கொத்தனாரோடு மல்லுக்கட்டுகிறார், வாலிப வயது மகனைக் கண்காணிக்கிறார், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். இந்த இரண்டு உழைப்பும் சேர்ந்ததுதான் அந்தக் குடும்பத்தின் முன்னேற்றம். ஆனால் ஒருவருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, மற்றவருக்கு எந்தச் சீட்டும் இல்லை.

கணவர் இறந்துவிட்டாலோ தலாக், குலா என்று உறவு முறிந்தாலோ இதன் கொடுமை வெளியே தெரியும். இருபது ஆண்டு உழைத்த பெண்ணின் பெயரில் வங்கிச் சேமிப்பு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. ‘அனுபவம் என்ன?’ என்று கேட்கும் வேலை விண்ணப்பத்தில் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை. ‘சும்மா இருந்தவர்’ என்ற சொல் அப்போது வெறும் சொல்லாக இருப்பதில்லை, வறுமையாகி வந்து நிற்கிறது.

கூலிக்குப் பார்த்தாலும் மதிப்பில்லை

‘பெற்றவள் பிள்ளையைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே’ என்ற எண்ணம் தாயோடு நிற்பதில்லை. பிள்ளை பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்களையும் அது தாக்குகிறது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. பிள்ளைக்கு எடை பார்ப்பதும் சத்துணவு கொடுப்பதும் பாட்டுச் சொல்லித் தருவதும் கர்ப்பிணிகளைக் கவனிப்பதும் அங்கே நடக்கின்றன. ஆனால் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசுகள் இதற்கு மேல் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. மத்திய அரசு அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மதிப்பூதியம்’. சம்பளம் என்று சொன்னால் அவர்களை ஊழியர் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 2022 ஏப்ரலில்தான் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்த அலட்சியத்துக்கு நம் சமுதாயம் மறக்கக் கூடாத ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005-இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது அவருக்கு வயது 17. பாஸ்போர்ட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. போன சில வாரங்களில், அவர் பராமரிப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியதாக அவர் தரப்பு கூறியது. கொலை என்று நீதிமன்றம் கூறியது. 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கின் சட்ட விவாதங்களுக்குள் நாம் போகவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். பச்சிளம் குழந்தைக்குப் பாலூட்டுவது பழக்கமும் பக்குவமும் தேவைப்படும் வேலை என்று அந்தச் சங்கிலியில் இருந்த யாராவது ஒருவர், அனுப்பிய முகவரோ அமர்த்திய வீட்டாரோ, நினைத்திருந்தால், வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமியின் கையில் அந்தக் குழந்தை தனியாக விடப்பட்டிருக்குமா?

பிள்ளை பராமரிப்பு ஒரு திறன் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய ‘பெர்ரி முன்பள்ளி’ ஆய்வில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் கவனிப்பு கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. 40 வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, கவனிப்புப் பெற்றவர்கள் அதிகம் படித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகவே சிறைக்குப் போனார்கள். சின்ன வயதுப் பராமரிப்பில் போடும் முதலீடு பல மடங்காகத் திரும்புகிறது என்று நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்த ஆய்வை வைத்தே வாதிட்டு வருகிறார்.

மார்க்கம் போட்ட கணக்கு

‘தாயின் கடமைக்குக் கணக்குப் பார்ப்பது மார்க்கத்துக்கு முரண்’ என்று சிலர் சொல்லலாம். மார்க்க நூல்களைப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் பாலூட்டுவதைப் பற்றிப் பேசும்போதே, பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. பால்குடியை மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது. 65-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனம், மணவிலக்கான பெண் தான் பெற்ற பிள்ளைக்கே பாலூட்டினாலும் அதற்குரிய கூலியை அவளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. பெற்றவள் என்பதற்காக அவளது உழைப்பை இலவசம் என்று எடுத்துக்கொள்ள அங்கே இடமில்லை.

நபி (ஸல்) அவர்கள் குழந்தைப் பருவத்தில் ஹலீமா என்ற செவிலித்தாயிடம் வளர்ந்தவர்கள். கூலியை எதிர்பார்த்தே பனூ ஸஅத் குலத்துப் பெண்கள் மக்காவுக்குக் குழந்தை தேடி வந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. சமைப்பதும் துவைப்பதும் மனைவி மீது சட்டப்படி கடமை அல்ல, அவள் விரும்பிச் செய்யும் நன்மை என்பது ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. வழக்கத்தின் அடிப்படையில் கடமையே என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. எந்தக் கருத்தை எடுத்தாலும், அந்த உழைப்பைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு ஆதாரம் இல்லை.

அன்புக்கு விலையா?

‘அன்பால் செய்வதற்குப் பணம் பேசலாமா?’ என்பது இன்னொரு கேள்வி. மருத்துவர் நோயாளியை நேசிக்கலாம், ஆசிரியர் மாணவரை நேசிக்கலாம். அதற்காக அவர்களின் சம்பளத்தை நாம் நிறுத்துவதில்லை. அன்பு இருக்கிறது என்பதை ஒருவரின் உழைப்பைச் சுரண்டுவதற்குக் காரணமாக்கக் கூடாது. தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. தொடக்கத்திலேயே 1.06 கோடிப் பெண்கள் அதில் பயனாளிகளானார்கள். தொகை சிறியதுதான். ஆனால் ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று சொன்னதில், வீட்டு உழைப்புக்கு அரசு ஏட்டில் ஓர் இடம் கிடைத்தது.

பெண்கள் எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றோ, எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும் என்றோ நாம் சொல்ல வரவில்லை. அது அந்தந்தக் குடும்பம் கலந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. வீட்டிலிருப்பவளைச் ‘சும்மா இருக்கிறாள்’ என்பவர்களே, வேலைக்குப் போகிறவளைப் ‘பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறாள்’ என்கிறார்கள். முதலாமவள் செய்வது வேலையே இல்லை என்றால், இரண்டாமவள் எதை விட்டுவிட்டுப் போனதாகக் குற்றம் சாட்டுகிறோம்?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பணம். வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் வேறு, மனைவிக்கென்று கொடுக்கும் பணம் வேறு. மாதந்தோறும் ஒரு தொகை, சிறியதாக இருந்தாலும், அவர் பெயரிலுள்ள கணக்கில் சேரட்டும். அதை என்ன செய்தாய் என்று கேட்க வேண்டாம். மஹர் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுவோம். இடமோ வீடோ வாங்கும்போது பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்ப்பதைப் பற்றி யோசிப்போம். பிற்காலத்தில் அவர் யாரிடமும் கையேந்தாமல் இருக்க அது உதவும்.

இரண்டாவது, நேரம். ஊரில் இருக்கும் ஆண்கள் வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளின் பொறுப்பை முழுதாக ஏற்கலாம். ‘உதவி செய்கிறேன்’ என்று நினைக்காமல், என் பங்கைச் செய்கிறேன் என்று செய்யட்டும். விடுமுறையில் வரும் சபுராளிகளுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தப் பாடம் வரவில்லை என்று தகப்பனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஜமாஅத். நம் மஹல்லாக்களில் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். பகல் வேளையில் பூட்டிக் கிடக்கும் அந்த இடங்களில் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்த முடியாதா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. நம் ஊர்களில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் தையல் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அந்தச் சட்டத்தால் என்ன பலன்? அவர்களுக்கு ஜமாஅத்தான் கைகொடுக்க வேண்டும். கைம்பெண்களுக்கும் மணவிலக்கானவர்களுக்கும் குழந்தைப் பராமரிப்பில் முறையான பயிற்சியும் அங்கே வேலையும் கொடுத்தால் இரண்டு தேவைகள் ஒரே இடத்தில் நிறைவேறும்.

நான்காவது, கூலி. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும், மக்தபில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாது பீவிக்கும், நம் சமுதாயப் பள்ளிகளின் மழலையர் வகுப்பு ஆசிரியைக்கும் நாம் என்ன கொடுக்கிறோம்? அந்தத் தொகையில் நம்மால் ஒரு மாதம் ஓட்ட முடியுமா? அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதற்கு முன் நம் பள்ளி நிர்வாகக் குழுக்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

ஐந்தாவது, பேச்சு. இனி யாராவது மனைவியைப் பற்றியோ தாயைப் பற்றியோ கேட்டால், “வீட்டையும் பிள்ளைகளையும் அவங்கதான் பார்த்துக்கிறாங்க” என்று சொல்வோம். அது முகஸ்துதி அல்ல, உள்ளதைச் சொல்வது. பக்கத்தில் நின்று அந்தப் பதிலைக் கேட்கும் மகன் நாளை தன் மனைவியை எப்படி நடத்துவான், மகள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதெல்லாம் அங்கிருந்தே தொடங்குகின்றன.